பன்னிரண்டே முக்காலும் பன்னிரண்டு புள்ளி மூன்றும்

எனக்குக் கணக்கு வரும். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தத் தோல் சீமையில் கணக்கு எழுதுகிற எவரைக் கேட்டாலும் தன்னைப் பற்றி இதையேதான் சொல்வார். சரக்கு விலை போவது சதுர அடியில். அதில் கால் அடி பிசகினாலும் அது யாரோ ஒருவருடைய காசு. கூட்டலில் கை தேர்ந்தவன் என்று பெயர் எடுக்காதவனுக்கு இங்கே மேசையும் கிடைக்காது, நாற்காலியும் கிடைக்காது. எனக்கு இரண்டும் கிடைத்திருந்தன. தலைக்கனமும் கூடவே கிடைத்திருந்தது.

அதை இறக்கி வைத்தது மகளின் பாடப்புத்தகம். தமிழ்நாட்டில் பாடத்திட்டம் மாறிய பிறகு மேல்நிலைக் கணினி அறிவியலில் பதினொன்றாம் வகுப்புக்கு சி++, பன்னிரண்டாம் வகுப்புக்கு பைத்தான் என்று வந்துவிட்டது. அவள் பன்னிரண்டு படிக்கிறாள். ஒருநாள் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். முதல் பாடமே செயற்கூறு. பேச்சில் எல்லாரும் ஃபங்ஷன் என்கிறார்கள். ஏதாவது ஓர் எண்ணைக் கொடுத்தால் அதை வைத்து ஒரு சின்ன வேலை செய்து விடையைத் திருப்பித் தரும் துண்டு நிரல். அவ்வளவுதான். வட்டத்தின் பரப்பு, செவ்வகத்தின் பரப்பு, ஒற்றையா இரட்டையா என்று பார்ப்பது, ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டுவது. பயிற்சிக் கணக்குகளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதெல்லாம் ஒரு கணக்காம்மா? நாங்க தினம் வாயிலயே போடுறது" என்றேன்.

"அப்ப உங்க தோல் கணக்குக்கே ஒரு ஃபங்ஷன் எழுதுங்கப்பா, பாக்கலாம்" என்றாள். குரலில் எந்தச் சவாலும் இல்லை. அதனால்தான் ஏமாந்தேன்.

தோல் அளக்கிற விதத்தைச் சொன்னால்தான் நான் விழுந்த பள்ளம் தெரியும். தோலுக்கு ஒழுங்கான வடிவம் கிடையாது. கழுத்து, வயிறு, கால் என்று ஓரமெல்லாம் நீண்டும் குழிந்தும் கிடக்கும். நீளத்தை அகலத்தால் பெருக்குகிற பள்ளிக்கூடப் பாடம் இங்கே செல்லாது. அளவு மிஷினில்தான் விட வேண்டும். பழைய மிஷினில் உருளைக்கு மேலே வரிசையாகச் சின்னச் சின்னச் சக்கரங்கள் இருக்கும். தோலை உள்ளே விட்டால், எந்தச் சக்கரத்துக்கு அடியில் தோல் ஓடுகிறதோ அந்தச் சக்கரம் மட்டுமே கணக்கில் சேரும். தோல் இல்லாத இடத்துச் சக்கரம் சும்மா இருந்துவிடும். எல்லாவற்றையும் கூட்டி மேலே இருக்கிற முள் ஒரே ஒரு அளவைக் காட்டும். இப்போது வருகிற மின்னணு மிஷின்களில் சக்கரத்துக்குப் பதில் ஒளி. வேலை அதேதான்: கீற்றுக் கீற்றாக அளந்து கூட்டுவது. அளந்து முடித்ததும் தோலின் பின்புறத்தில் அளவை எழுதிவிடுவார்கள். பன்னிரண்டே முக்கால் அடி என்றால் 12 என்று எழுதி, அதன் தலைமாட்டில் பொடியாக ஒரு 3 போடுவார்கள். மூன்று கால் என்று அர்த்தம். 2 போட்டால் அரை. 1 போட்டால் கால். ஒன்றும் போடாவிட்டால் முழு அடி.

இந்தப் பொடி 3-ஐக் கணினியில் எப்படித் தட்டுவது? இதில் எனக்கு ஏற்கெனவே ஓர் அனுபவம் உண்டு. அட்டவணை மென்பொருளில் நடுவே ஒரு கோடு போட்டு 12-3 என்று உள்ளிட்டிருக்கிறேன். அது மார்ச் 12 ஆகிவிட்டது. 5-2 என்றால் பிப்ரவரி 5. ஒரு கட்டுத் தோலை ஏற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் எதிரே காலண்டர் நிற்கிறது. என் தோல்கள் எல்லாம் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் இந்த மூன்று மாதத்திலேயே பிறந்திருந்தன. ஏப்ரலில் ஒன்றுகூட இல்லை. நாலு கால் சேர்ந்தால்தான் ஓர் அடியாகிவிடுமே. இந்தச் சங்கடத்தில் எனக்குப் பெரிய இடத்துத் துணை உண்டு என்பது பிற்பாடுதான் தெரிந்தது. மார்ச்1, செப்ட்1 என்று பெயர் வைத்திருந்த மனித மரபணுக்களை எக்செல் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழு 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. விஞ்ஞானிகள் மரபணுவின் பெயரை மாற்றினார்கள். நான் கோட்டை அழித்துவிட்டுப் புள்ளி வைத்தேன். 12-3 போய் 12.3 வந்தது. அந்தப் பழக்கத்தோடேயே பைத்தானுக்கும் வந்து சேர்ந்தேன்.

முதல் செயற்கூறு: தோல் அளவுகளின் பட்டியலைக் கொடுத்தால் மொத்தத்தைச் சொல்ல வேண்டும். எழுதினேன். இரண்டு தோல் கொடுத்தேன், 12.3, 5.2. விடை 17.5. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. பதினேழரை அடி என்று படித்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போன கையோடு அளவு மிஷின் பாயிடம் பெருமை அடித்தேன். பாய் தோலைத் தள்ளிக்கொண்டே கேட்டார்.

"பதினேழரையா? பன்னெண்டே முக்காலும் அஞ்சரையும் சேர்ந்தா பதினெட்டே கால் சார். முக்கா அடி எங்க போச்சி?"

எங்கே போயிருக்கும்? புள்ளிக்குப் பின்னால் நான் வைத்த 3 முக்கால் என்று எனக்குத் தெரியும். கணினிக்கு அது பத்தில் மூன்று. இந்த இடத்தில் தவறை ஒப்புக்கொண்டு திருத்தியிருந்தால் இந்தப் பத்திக்கே வேலை இருந்திருக்காது. நான் வேறு வழி கண்டுபிடித்தேன். 17.5 என்பதைப் பதினேழரை என்று படிப்பதுதான் தப்பு, பதினேழும் ஐந்து காலும் என்று படித்தால் பதினெட்டே கால் வந்துவிடுகிறதே! நிரல் சரி, படிப்பவன் கண்தான் சரியில்லை என்று மகளிடம் வாதாடினேன். அவள் எதிர்த்துப் பேசாமல் 12.3 அளவில் நாலு தோலைத் தட்டிக் கொடுத்தாள். விடை 49.2. என் புதுப் படிப்பின்படி நாற்பத்தொன்பதரை. விரலை மடக்கிப் போட்டால் நாலு பன்னிரண்டே முக்கால் 51 அடி. நாலே தோலில் ஒன்றரை அடி ஆவியாகிவிட்டது. பத்துப் பத்தாகச் சேர்ந்ததும் அடுத்த இடத்துக்குத் தாவுவது தசமத்தின் குணம். என் காலோ நாலு சேர்ந்தாலே தாவ வேண்டியது.

"கிரிக்கெட்ல 12.3 ஓவர்னா பன்னெண்டரை ஓவர்னு உங்களுக்குத் தெரியும்லப்பா? அங்க ஆறு பந்து, இங்க நாலு கால். அவ்ளோதான்" என்றாள்.

அவ்வளவுதான். டி.வி. முன்னால் உட்கார்ந்து மீதி எத்தனை பந்து என்று கணக்குப் போடுகிற எனக்கு, அதையே தோலில் போடத் தோன்றவில்லை. மறுநாள் பாயிடம், மனதில் எப்படிக் கூட்டுகிறீர்கள் என்று கேட்டேன். இப்படியும் ஒரு கேள்வியா என்கிற மாதிரி பார்த்தார். "நாலு காலு ஒரு அடி. வேற இன்னா சார்?" என்றார். முழு நிரலும் அந்த ஒரு வரியில் இருந்தது. எல்லாவற்றையும் முதலில் காலாக மாற்று. காலாகவே கூட்டு. கடைசியில் நாலால் வகு. ஈவு அடி, மீதி கால்.

அப்படியே எழுதினேன். 12.3 என்பதை எண்ணாக வாங்காமல் எழுத்தாக வாங்கி, புள்ளியில் வெட்டி, முன்பாதியை நாலால் பெருக்கிப் பின்பாதியைச் சேர்த்தேன். ஐம்பத்தொன்று சரியாக வந்தது. உற்சாகத்தில் அன்றைய பட்டியல் முழுவதையும் கொடுத்தேன். பாதியில் நின்றுவிட்டது. கால் அரை எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்க, எந்தப் பிசிறும் இல்லாமல் சுத்தமாக 14 அடி இருந்த ஒரு தோல்தான் நிரலைக் கவிழ்த்தது. 14-இல் புள்ளி ஏது? வெட்டினால் பின்பாதி ஏது? இல்லாத பின்பாதியைக் கேட்டால் பைத்தான் எங்கே போய்க் கொண்டுவரும்? ஒன்றும் போடாவிட்டால் முழு அடி என்பது என் கண்ணுக்குப் பழக்கம். அதை நிரலில் ஒரு வரியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அடுத்தது, பாடப்புத்தகம் படிக்கிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது விழுகிற குழி. ஒரு தோலைக் காலாக மாற்றுவதற்குத் தனிச் செயற்கூறு எழுதினால் நல்லது என்று மகள் சொன்னாள். எழுதினேன். கடைசி வரியில் பிரிண்ட் போட்டேன். திரையில் 51 என்று அழகாக வந்தது. அதை எடுத்து மொத்தம் போடுகிற செயற்கூறில் வைத்ததும், எண்ணோடு 'நன்' வகையைக் கூட்ட முடியாது என்று சிவப்பில் திட்டு விழுந்தது. பைத்தானில் நன் என்றால் ஒன்றுமில்லை என்று பொருள். திரையில் 51 கண்ணெதிரே நிற்கிறது, ஒன்றுமில்லை என்கிறது. இது என்ன அநியாயம்? அநியாயம் ஒன்றுமில்லை. பிரிண்ட் விடையைக் காட்டும், யார் கையிலும் கொடுக்காது. கொடுக்க வேண்டுமானால் ரிட்டர்ன் போட வேண்டும். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்கிற தமிழ் நிரல்மொழியில் இவை பதிப்பி, பின்கொடு என்று இருக்கின்றன. அதில் தொடங்கியிருந்தால் தப்பித்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். மாட்டேன். பதிப்பி என்று போட்டுவிட்டு, திரையில் வந்துவிட்டதே என்று அப்போதும் இப்படியேதான் நின்றிருப்பேன்.

பத்துத் தோல் உள்ள கட்டுக்கு ஒன்றிலிருந்து பத்து வரை வரிசை எண் அச்சிடுகிற பயிற்சியில் ஒன்பதோடு நின்றது. ரேஞ்ச் என்பதற்குள் 1, 10 என்று போட்டால் பத்துக்கு முன்பே நின்றுவிடும். அது பைத்தானின் வழக்கம். அது தெரியாமல், பத்தாவது தோலை எடுத்தது யார் என்கிற கோணத்தில் நான் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி.

மூன்றாலும் ஐந்தாலும் வகுபடுகிற எண்களுக்குப் பதில் சொற்களைப் போடுகிற ஃபிஸ்பஸ் பயிற்சி, வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் பெயர் பெற்றது. மூன்றால் வகுபட்டால் ஆம்பூர், ஐந்தால் வகுபட்டால் வேலூர், இரண்டாலும் வகுபட்டால் இரண்டு பெயரும் என்று நம் ஊருக்கு மாற்றி எழுதினேன். 15-க்கு ஆம்பூர் மட்டும் வந்தது. 30-க்கும் ஆம்பூர். மூன்றால் வகுபடுகிறதா என்கிற கேள்வியை முதலில் வைத்துவிட்டதால் அங்கேயே ஆம் என்று சொல்லிவிட்டு நிரல் வெளியேறிவிடுகிறது. இரண்டாலும் வகுபடுகிறதா என்பதை அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்? ஆம்பூர்க்காரனின் ஊர்ப்பாசத்தால் வந்த பிழை என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஊர் என்றதும் மாவட்டம் ஞாபகம் வருகிறது. வரையெல்லை என்று ஒரு பாடம். செயற்கூறுக்கு உள்ளே ஒரு மாறிக்கு மதிப்புக் கொடுத்தால் அது உள்ளேயே தங்கிவிடும், வெளியே அதே பெயரில் இருக்கிற மாறியை அது தொடாது. எனக்கு அது ஏறவே இல்லை. 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. அதையே பயிற்சியாக எழுதிப் பார்த்தேன். நிரலின் தலைப்பில் மாவட்டம் என்றால் வேலூர். உள்ளே ஒரு செயற்கூறு, அதில் மாவட்டம் என்றால் திருப்பத்தூர். செயற்கூறை அழைத்துவிட்டு வெளியே வந்து மாவட்டம் எது என்று கேட்டால் வேலூர் என்கிறது. திரும்ப அழைத்தேன். திரும்பவும் வேலூர். அரசாணையே வந்துவிட்டது, இது மட்டும் ஏன் மாறமாட்டேன் என்கிறது என்று கத்தினேன். மகள் அமைதியாக, "நேத்து போன்ல யார்கிட்டயோ நாங்க வேலூர் டிஸ்ட்ரிக்ட்னுதானே சொன்னீங்க?" என்றாள். அன்றோடு எனக்கு வரையெல்லை புரிந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் இருந்த படத்தால் புரியாதது அது.

இவை எல்லாம் சில்லறை. பெரிய நோட்டு இனிமேல்தான்.

ஆம்பூரில் தோலுக்கு அடுத்து ஷூ. ஷூ கம்பெனியில் ஒரே ஜோடிக்கு இரண்டு நம்பர் ஓடும். ஐரோப்பிய நம்பரில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே மூன்றில் இரண்டு சென்டிமீட்டர். பாரிஸ் பாயின்ட் என்பார்கள். ஆங்கில நம்பரில் மூன்றில் ஓர் அங்குலம்; ஒரு பார்லி மணியின் நீளம் என்று அந்தக் காலத்தில் வைத்த அளவு. அளப்பது காலை அல்ல, லாஸ்ட்டை. அதாவது மேல்தோலை இழுத்துப் போர்த்தி ஷூவுக்கு உருவம் கொடுக்கிற கால் வடிவ அச்சு. லாஸ்ட்டின் நீளத்தை சென்டிமீட்டரில் எடுத்து ஒன்றரையால் பெருக்கினால் ஐரோப்பிய நம்பர். அங்குலத்தில் எடுத்து மூன்றால் பெருக்கி 25 கழித்தால் பெரியவர்களுக்கான ஆங்கில நம்பர். 28 சென்டிமீட்டர் லாஸ்ட் என்றால் ஐரோப்பாவில் 42, இங்கிலாந்தில் 8. இதைவிட எளிய செயற்கூறு உலகத்தில் இல்லை.

ஐரோப்பிய நம்பருக்கான செயற்கூறு முதல் ஓட்டத்திலேயே 42 என்றது. ஆங்கில நம்பருக்கு எழுதும்போது அடைப்புக்குறியை இடம் மாற்றிப் போட்டுவிட்டேன். மூன்றால் பெருக்கி 25 கழிப்பதற்குப் பதில், 25 கழித்துவிட்டு மூன்றால் பெருக்கியது. 28 சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 11.02 அங்குலம். அதில் 25 போனால் மைனஸ் பதிமூன்று சொச்சம். மூன்றால் பெருக்கி முழு எண்ணாக்கினால் மைனஸ் 42.

இந்த மைனஸ் 42-ஐப் பார்த்ததும் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதில் 42 மட்டும்தான் தெரிந்தது. ஐரோப்பிய நம்பரும் 42. ஆக, கணக்கு சரி, குறிதான் தலைகீழ் என்று தீர்மானித்தேன். குறியை நீக்குவதற்கு பைத்தானில் ஏ.பி.எஸ். என்று ஒரு செயற்கூறு தயாராக இருக்கிறது. அதைச் சுற்றிப் போட்டேன். 42 வந்தது. ஆங்கில நம்பர் கேட்ட இடத்தில் ஐரோப்பிய நம்பர் வந்திருக்கிறது என்பதோ, இரண்டும் ஒன்றாக இருந்தால் இரண்டு நம்பர் எதற்கு என்பதோ மண்டையில் ஏறவில்லை. ஷூ ஊரில் பிறந்து, ஷூ ஊரில் வளர்ந்து, 8-ம் நம்பர் ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாவது லாஸ்ட்டைக் கொடுத்தபோதுதான் குட்டு உடைந்தது. 24 சென்டிமீட்டர். ஐரோப்பிய நம்பர் 36, ஆங்கில நம்பர் மூன்றரையை ஒட்டி வர வேண்டும். என் செயற்கூறு 47 என்றது. லாஸ்ட் சிறுத்தால் நம்பர் பெருக்கிறது. ஆர்வம் தாங்காமல் பத்து சென்டிமீட்டர் கொடுத்துப் பார்த்தேன். கைக்குழந்தைக்கு 63-ம் நம்பர் ஷூ.

திருச்சி என்.ஐ.டி.யில் படித்த விவேக் ரவிசங்கரும் ஹரி கருணாநிதியும் தொடங்கிய ஹேக்கர்ரேங்க் போன்ற பயிற்சித் தளங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்றிரண்டு மாதிரிக் கணக்குக்கு விடையைக் காட்டிவிட்டு, மீதிச் சோதனைகளை மறைத்து வைத்துக்கொள்வார்கள். மாதிரிக்குச் சரியாக வந்த நிரல், மறைத்து வைத்ததில் விழும். இது என்ன கள்ளத்தனம், எதில் பரீட்சை வைப்பேன் என்று சொல்லாமல் பரீட்சை வைப்பது என்று மகளிடம் பொருமியிருக்கிறேன். 42-ம் நம்பருக்குப் பிறகு பொருமவில்லை. விடை முன்கூட்டித் தெரிந்துவிட்டால் அதற்கு ஏற்ற மாதிரி நிரலை வளைக்கிற கை என்னுடையது. அந்தக் கைக்கு மறைத்து வைப்பதுதான் சரி.

ஒரே ஒரு இடத்தில் நான் ஜெயித்தேன். அங்கேயும் முதலில் சண்டைதான் போட்டேன். மின்னணு மிஷின் 5.31, 7.68 என்று தசமத்தில் சொன்னால், அதைப் பக்கத்துக் காலுக்கு மாற்ற வேண்டும். நாலால் பெருக்கு, ரவுண்ட் போட்டு முழு எண்ணாக்கு, நாலால் வகு. ஒரே வரி. 5.125 கொடுத்தேன். ஐந்தே அரைக்கால், ஐந்துக்கும் ஐந்தே காலுக்கும் சரியாக நடுவில் இருக்கிற எண். நிரல் கீழே இறக்கி 5 என்றது. 5.375 கொடுத்தேன். அதுவும் நடு எண்தான். இந்த முறை மேலே ஏற்றி ஐந்தரை என்றது. ஒருமுறை கீழே, ஒருமுறை மேலே. கணினியும் தரகு பார்க்கத் தொடங்கிவிட்டதா என்று நினைத்தேன். விற்கிறவன் மேலே தள்ளுவான், வாங்குகிறவன் கீழே தள்ளுவான், அது உலக வழக்கம். இது யாருக்காக வேலை செய்கிறது?

யாருக்காகவும் இல்லையாம். சரியாக நடுவில் நிற்கிற எண்ணைப் பக்கத்தில் இருக்கிற இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோவது பைத்தானின் முறை. 20.5 வந்தால் 20, 21.5 வந்தால் 22. எப்போதும் மேலேயே ஏற்றினால் ஆயிரம் தோலில் ஒரு பக்கத்துக்கு நஷ்டம் சேர்ந்துகொண்டே போகும். பாதியை ஏற்றிப் பாதியை இறக்கினால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். விற்கிறவனையும் வாங்குகிறவனையும்விட அது நியாயமாக நடந்துகொள்கிறது என்று தெரிந்ததும் சண்டையை நிறுத்திக்கொண்டேன்.

ஜெயித்தது இதற்கு அடுத்த கட்டத்தில். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் பைத்தான் 0.3 என்று சொல்லாது. 3-ஐ அடுத்துப் பதினைந்து சுழிக்குப் பின்னால் ஒரு 4 ஒட்டிக்கொண்டு வரும். மகளின் தோழிகள் இதைக் கண்டு மிரண்டார்கள். கணினி உள்ளே எல்லாவற்றையும் இரண்டிரண்டாகப் பிளந்து வைத்துக்கொள்வதால், பத்தில் ஒன்றை அதனால் முழுசாக எழுத முடியாது. ஆனால் அரை, கால், முக்கால், அரைக்கால், மாகாணி என்று பாதியைப் பாதியாக்கிக்கொண்டு போகிற பின்னங்கள் அதற்கு அத்துப்படி. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி வைத்து மனப்பாடம் செய்த கீழ்வாய் இலக்கத்தில் இந்த வரிசை அப்படியே இருக்கிறது. மாகாணி பதினாறில் ஒன்று. அதையும் கணினி துளி பிசகாமல் வைத்துக்கொள்ளும். இருபதில் ஒன்றான மாவும் எண்பதில் ஒன்றான காணியும் மட்டும் அதற்கு ஒத்துவராது. காலாகவே அளந்து காலாகவே கூட்டும் தோல்காரர் கணக்கில், எத்தனை ஆயிரம் அடி சேர்ந்தாலும் அந்த ஒட்டு 4 வரவே வராது. இதைச் சொன்னபோது மகள் முதல்முறையாக என்னை மரியாதையோடு பார்த்தாள். அந்த மரியாதை பாய்க்குச் சேர வேண்டியது என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

என் தோல்விகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. ரேஞ்ச் தெரியாதது, ரிட்டர்ன் தெரியாதது எல்லாம் புதுசு என்பதால் வந்தவை. அவற்றுக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. மானம் போனது எனக்குத் தெரிந்த இடத்தில்தான். கால் அடி, முழு அடி, ஷூ நம்பர் எல்லாம் எனக்குத் தெரியும் என்று இருந்தேன். என் கைக்குத்தான் தெரிந்திருந்தது, என் வாய்க்குத் தெரியவில்லை. ஒன்றும் போடாவிட்டால் முழு அடி, நாலு காலானால் ஓர் அடி என்று இதுவரை யாருக்கும் நான் சொல்ல நேர்ந்ததே இல்லை. பக்கத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒன்றுக்கு முதல்முறையாகச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது, என் தொழிலை நான் யாரிடமும் விளக்கியதே இல்லை என்பது அம்பலமாகிவிட்டது.

அளவு மிஷினை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். ஒவ்வொரு சக்கரமும் தன் கீற்றில் தோல் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கிறது. பக்கத்துச் சக்கரத்தின் வேலையில் தலையிடுவதில்லை. தான் கண்டதை மேலே கொடுத்துவிடுகிறது. கூட்டுவது வேறோர் இடத்தில் நடக்கிறது. பைத்தானோ கணினியோ இல்லாத காலத்தில் அதை வடிவமைத்தவர் சின்னச் சின்னச் செயற்கூறுகளைத்தான் வரிசையாக மாட்டி வைத்திருக்கிறார். காலாக மாற்றிக் கூட்டும் நிரலை எழுதியபோது முதலில் எல்லாவற்றையும் ஒரே செயற்கூறில் திணித்திருந்தேன். அளவைப் படிப்பது, காலாக்குவது, கூட்டுவது, அச்சிடுவது எல்லாம் ஒரே இடத்தில். எங்கே ஒழுகுகிறது என்று தேடவே முடியவில்லை. நாலாகப் பிரித்த பிறகுதான் எந்தத் துண்டு பொய் சொல்கிறது என்று பிடிக்க முடிந்தது.

இதைப் படித்துவிட்டு, இந்த வயதில் நமக்கு எதற்கு என்று யாராவது பின்வாங்கினால் என் மானம் போனதற்குப் பலன் இல்லாமல் போய்விடும். பின்வாங்காதீர்கள். வட்டத்தின் பரப்பில் தொடங்க வேண்டாம். பால் கணக்கோ சீட்டுக் கணக்கோ ஜாக்கெட் துணிக் கணக்கோ, உங்கள் கையில் தினமும் புழங்குகிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செயற்கூறுக்கு ஒரு வேலை மட்டும் கொடுங்கள். எழுதுவதற்கு முன்பே விடையை விரல்விட்டுப் போட்டுக் காகிதத்தில் குறித்து வையுங்கள். ஒரு கணக்கு போதாது. பெரியது ஒன்று, சிறியது ஒன்று, பிசிறே இல்லாத முழு எண் ஒன்று என்று கலந்து வையுங்கள். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பார்கள், ஆனால் சரியாகச் சொல்லித் தருவார்கள். விடையில் மைனஸ் வந்தால் மட்டும், தயவுசெய்து, அதை அழித்துவிட்டு மேலே போகாதீர்கள்.